ஈரநிலங்களின் உயிர்க் கணக்கு

எந்தச் செல்வத்தையும் நிர்வகிக்க முற்படுவோர் முதலில் கேட்கும் கேள்வி, கையிருப்பு எவ்வளவு என்பதாகும். களஞ்சியத்திலுள்ள தானியத்திற்கும், காட்டிலுள்ள மரத்திற்கும், அணையிலுள்ள நீருக்கும் கணக்கு உண்டு. ஆனால் ஏரி, குளம், சதுப்பு நிலம், கழிமுகம், நெல்வயல் ஆகியவற்றில் வாழும் தவளை, தேரை, பாம்பு, ஆமை முதலியவற்றுக்கு இத்தகைய கணக்கு நெடுங்காலம் இல்லாமலே இருந்து வந்துள்ளது.

நமது நாட்டின் ஈரநிலப் பரப்பு அளந்து அறியப்பட்ட ஒன்றாகும். அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பின்படி, ஈரநிலங்கள் ஏறத்தாழ 152 லட்சம் ஹெக்டேர் பரப்பில் உள்ளன. இது நாட்டின் நிலப்பரப்பில் 4.63 சதவீதம் ஆகும். ராம்சார் உடன்படிக்கையில் இந்தியா 1982-ஆம் ஆண்டில் சேர்ந்தது. அதன் பட்டியலில் முதலில் இடம்பெற்றவை ஒடிசாவின் சில்காவும் ராஜஸ்தானின் கேவலாதேவும் ஆகும். 2024 ஆகஸ்டில் இப்பட்டியலிலிருந்த இந்திய ஈரநிலங்களின் எண்ணிக்கை 85-ஐ எட்டியது.

ஈரநிலப் பறவைகளும் ஓரளவு எண்ணப்படுகின்றன. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஜனவரியிலும் தன்னார்வலர் துணையுடன் நடைபெற்று வருகிறது. ஊர்வனவற்றுக்கும் நீர்நில வாழ்வனவற்றுக்கும் இதற்கு இணையான நாடு தழுவிய ஆண்டுக் கணக்கு இல்லை. பறவை பகலில், திறந்த வெளியில், குளிர்காலத்தில் கண்ணுக்குப் புலப்படுவது. தவளையோ இரவில், மழையில், சேற்றில் தேடப்பட வேண்டியது. இவ்வாறு கணக்கெடுப்பு கடினமாக இருப்பதே அது விடுபட்டுப் போனதற்கு முதற் காரணம் எனலாம்.

ஏற்றுமதி கற்பித்த பாடம்

கணக்கில்லாமல் ஒரு செல்வத்தைச் செலவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தவளைக்கால் ஏற்றுமதியே தக்க சான்று. 1950-களில் தொடங்கிய இவ்வணிகம், 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,000 டன்னைக் கடந்தது. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் வாங்கின. இந்தியப் பெருந்தவளையும் பச்சைக் குளத்துத் தவளையும் இவ்வணிகத்தில் முதன்மையாகப் பிடிக்கப்பட்டன.

பிடிக்கும் முறை எளியது. பருவமழையின் முதல் பெருமழைக்குப் பின், ஆண் பெருந்தவளைகள் மஞ்சள் நிறம் பூண்டு, தேங்கிய நீரில் கூடிக் கத்தும். பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியில் திகைத்து அசையாதிருக்கும் அவற்றைக் கையாலோ வலையாலோ அள்ளிச் சாக்கில் இடுவர். ஏழை விவசாயத் தொழிலாளிக்கு வேலை குறைந்த நாட்களில் இது கைக்காசு தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிடிபட்டவை இனப்பெருக்கத்திற்குக் கூடிய முதிர்ந்த தவளைகள். வட்டியைச் செலவிடுவதாக எண்ணிக்கொண்டு முதலையே எடுத்துச் செலவிட்டதற்கு இது ஒப்பாகும்.

தவளை குறைந்ததால் வயலில் பூச்சிகள் பெருகின என்றும், பூச்சிக்கொல்லிக்கு ஆகும் செலவு ஏற்றுமதி வருவாயை விழுங்கிவிடும் என்றும் வாதங்கள் எழுந்தன. உயிருடன் இருக்கும்போதே கால்கள் வெட்டப்படும் கொடுமையும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. இவ்விரு தவளையினங்களும் 1985-ஆம் ஆண்டில் பன்னாட்டு வன உயிரின வணிக ஒழுங்குமுறைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. வங்காளதேசம் 1989-இல் அதைப் பின்பற்றியது. அதன்பின் இந்தோனேசியா உலகச் சந்தையின் முதன்மை விற்பனையாளர் ஆயிற்று.

முடிவு சரியானதே. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. சுங்கக் கணக்கில் டன்னும் அன்னியச் செலாவணியும் ஆண்டுவாரியாக இருந்தன. வயல்களில் இருந்த தவளைகள் எத்தனை, அவற்றில் எத்தனை பிடிபட்டன, எத்தனை மிஞ்சின என்பதற்கு நாடு தழுவிய கணக்கு ஏதும் இல்லை. செலவு பதிவாயிற்று, இருப்புப் பதிவாகவில்லை. ஆகவே தடையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தத்தம் வாதத்தை எண்களால் நிறுவ இயலவில்லை. தடைக்குப் பின் தவளை எந்த அளவு மீண்டது என்று கூறுவதற்கும் ஒப்பிட ஓர் அடிப்படை ஆண்டு இல்லாமற் போயிற்று.

ஒரே இனம், இரு நிலை

கணக்கின் தேவையை அந்தமான் தீவுகள் வேறொரு வகையில் உணர்த்துகின்றன. இந்தியப் பெருநிலத்தில் பாதுகாக்க வேண்டியதாகக் கருதப்படும் இதே பெருந்தவளை, அத்தீவுகளுக்கு உரியதன்று. 2000-க்குப் பின்னர் அங்குப் பரவிய அது, இப்போது ஆக்கிரமிப்பு இனமாகக் கருதப்படுகிறது. வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து அது சென்றிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. அதன் தலைப்பிரட்டைகள் பிற இனத் தலைப்பிரட்டைகளைத் தின்பவை. வளர்ந்த தவளையோ கோழிக்குஞ்சையும் விட்டுவைப்பதில்லை என்று தீவுமக்கள் குறை கூறுகின்றனர்.

ஒரே உயிர் ஓரிடத்தில் உழவனின் துணை, மற்றோரிடத்தில் தொல்லை. எது எங்கே எந்த அளவில் உள்ளது என்று அறியாமல் காப்பதற்கோ தடுப்பதற்கோ திட்டம் வகுக்க இயலாது.

பொறிகளும் அவற்றின் இயல்பும்

கணக்கெடுப்பில் முதன்மையான முறைகளுள் ஒன்று பொறிவைத்துப் பிடித்தல். வணிகனின் பொறியும் ஆய்வாளனின் பொறியும் தோற்றத்தில் பெரிதும் ஒன்றே. ஆய்வாளன் பிடித்ததை அளந்து, இனம் குறித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறான். பிடிபடாத நாளையும் அவன் பதிவு செய்கிறான் என்பது மற்றொரு வேறுபாடு.

குழிப்பொறி பரவலாகக் கையாளப்படுவது. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் சில அங்குலம் புதைத்து நீளமான தடுப்பு வேலி அமைக்கப்படும். வேலியை ஒட்டி இடையிடையே வாளிகள், விளிம்பு தரைமட்டத்தில் இருக்குமாறு புதைக்கப்படும். இரவில் நீருக்குச் செல்லும் தவளையோ அரணையோ வேலியைத் தாண்ட இயலாமல் அதை ஒட்டியே சென்று வாளியில் விழும். வேலியின் இருபுறமும் தனித்தனி வாளிகள் இருப்பின், குளத்துக்குள் சென்றவை எத்தனை, குளத்திலிருந்து வெளியேறியவை எத்தனை என்றும் அறியலாம். இது வரவு செலவுக் கணக்கே ஆகும்.

ஈரநிலத்தில் இம்முறைக்கு ஓர் இடையூறு உண்டு. நிலத்தடி நீர் மேலே இருக்குமிடத்தில் புதைத்த வாளியை நீரே மேலே தள்ளிவிடும்; அல்லது வாளி நிரம்பி, விழுந்த உயிர் மூழ்கும். அத்தகைய இடங்களில் வேலியை ஒட்டிக் கூம்பு வடிவ வாயுள்ள கூடுகளைத் தரைமீது கிடத்துவர். நுழைவது எளிது, திரும்பும் வழி கண்டுபிடிப்பது அரிது. வங்காளத்திலும் அசாமிலும் மீன்பிடிக்கப் பயன்படும் மூங்கில் கூடுகளின் தத்துவமும் இதுவே. நீருக்குள் வைக்கப்படும் கூடுகளில் தலைப்பிரட்டையும் தண்ணீர்ப் பாம்பும் சிக்கும். ஆமைகளுக்கு வளையங்கள் கோத்த வலைக்கூடும் இரையும் பயன்படுகின்றன. பாம்பும் ஆமையும் நுரையீரலால் மூச்சுவிடுபவை. ஆதலால் கூட்டின் மேற்பகுதி எப்போதும் நீருக்கு வெளியே இருக்க வேண்டும். ஓர் இரவில் நீர்மட்டம் உயரக்கூடும் என்பதையும் கருதியே கூடு கட்டப்பட வேண்டும்.

எந்தப் பொறியும் எல்லா உயிர்களையும் சமமாகப் பிடிப்பதில்லை. மரத்தவளை விரல்நுனி ஒட்டுகளால் வாளியின் சுவரில் ஏறி வெளியேறிவிடும். பெருந்தவளை தாவிவிடும். நீண்ட பாம்பு தலையை நீட்டி விளிம்பைத் தொட்டு ஊர்ந்துவிடும். குழிப்பொறியை மட்டும் நம்பிய ஆய்வாளர், அந்நிலத்தில் சிறு தேரைகளே மிகுதி என்ற தவறான முடிவுக்கு வரக்கூடும். ஆகவே பல முறைகளைச் சேர்த்துக் கையாளுதல் இன்றியமையாதது.

முயற்சியின் அளவையும் குறித்தாக வேண்டும். பத்துப் பொறிகள் ஐந்து இரவுகள் வைக்கப்பட்டால் அது 50 பொறி-இரவுகள் ஆகும். ஒரு குளத்தில் 50 பொறி-இரவுகளில் 30 தவளைகளும், மற்றொன்றில் 200 பொறி-இரவுகளில் 60 தவளைகளும் கிடைத்தன என்று கொள்வோம். எண்ணிக்கை மட்டும் பார்ப்போர் இரண்டாவது குளத்தையே வளமானது என்பர். முயற்சியால் வகுத்தால் முதற் குளமே இரு மடங்கு வளமுடையது என்பது தெளிவாகும்.

கண்டும் கேட்டும் எண்ணுதல்

பொறியின்றியும் கணக்கெடுக்கலாம். அந்தி சாய்ந்தபின் இருவர் அல்லது மூவர் தலைவிளக்குடன் கரையோரம் குறித்த நேரம் நடந்து, கண்ட உயிர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்வது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அதே தொலைவு, அதே நேரம், அதே எண்ணிக்கையுள்ள ஆட்கள் என்ற ஒழுங்கு இருந்தால்தான் ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டுடன் ஒப்பிட இயலும்.

தவளைகளைப் பொறுத்தவரை செவியே சிறந்த கருவி. ஆண் தவளை ஒவ்வோர் இனத்திற்கும் உரிய குரலில் துணையை அழைக்கிறது. பழகிய செவிக்கு இருட்டிலும் இனம் விளங்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில நிமிடங்கள் அமைதியாக நின்று, குரல்கள் தனித்தனியே எண்ணத்தக்கவையா, ஒன்றோடொன்று கலந்தவையா, இடைவெளியின்றி ஒலிக்கும் முழக்கமா என மூன்று தரங்களாகக் குறிப்பர். அண்மைக் காலத்தில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளும் இப்பணிக்கு வந்துள்ளன. இரவு முழுவதும் மழையில் நிற்க வேண்டிய ஆளின் வேலையை அவை செய்கின்றன.

நீரில் கரைந்துள்ள மரபணுத் துகள்களைக் கொண்டு, ஒரு குவளை நீரிலிருந்தே அங்கு வாழும் உயிரினங்களை அறியும் முறையும் இன்று உருவாகியுள்ளது. ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் இத்தகைய முறையைச் சில்கா ஏரியில் பயன்படுத்தியுள்ளனர். எந்த உயிர் உள்ளது என்று இம்முறை கூறும். எத்தனை உள்ளன என்று அறிவதற்குக் களத்தில் இறங்கியே ஆக வேண்டும்.

அடையாளமிட்டு மதிப்பிடுதல்

எல்லாவற்றையும் பிடித்து எண்ணுவது இயலாத காரியம். ஆகவே புள்ளியியல் துணைக்கு வருகிறது. ஒரு குளத்தில் முதல் இரவு 60 ஆமைகளைப் பிடித்து, ஓட்டின் விளிம்பில் சிறு வெட்டுக்குறி இட்டு விட்டுவிடுவதாகக் கொள்வோம். சில நாட்கள் கழித்து மறுபடி 50 ஆமைகள் பிடிபடுகின்றன. அவற்றில் 12 ஆமைகளில் குறி உள்ளது. இரண்டாம் பிடிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறியுள்ளவை என்றால், குளத்திலுள்ள மொத்த ஆமைகளிலும் அதே விகிதமே இருக்க வேண்டும். 60-ஐ 50-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 250 என்று விடை வரும். குளத்தின் மொத்த இருப்பு இதுவே என மதிப்பிடலாம்.

இதில் சில நிபந்தனைகள் உள்ளன. இடைப்பட்ட நாட்களில் பல ஆமைகள் குளத்தை விட்டு நீங்கியிருத்தலோ புதிதாக வந்திருத்தலோ கூடாது. குறி அழிதல் கூடாது. ஒருமுறை பிடிபட்டது மறுமுறை பொறியைக் கண்டு ஒதுங்கிவிடவும் கூடாது. இவை பிறழ்ந்தால் மதிப்பீடும் பிறழும். தவளைகளின் விரல்நுனியைக் கத்தரித்து அடையாளமிடும் பழைய வழக்கம் இப்போது கண்டனத்திற்கு உள்ளாகியுள்ளது. தோலிலுள்ள புள்ளிகளைப் புகைப்படமெடுத்து ஒப்பிடும் முறை அதற்கு மாற்றாக வளர்ந்து வருகிறது.

கையாளும் பொறுப்பு

பொறிவைத்தவர் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்தாக வேண்டும். வெயிலில் ஒரு பகல் மறந்துவிடப்பட்ட வாளி அதிலுள்ள தவளைகளின் சாவுக்கு இடமாகும். வாளியின் அடியில் வடிதுளைகளும், உள்ளே ஈரத்துணியும், மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்கள் ஏறிச்செல்ல ஒரு குச்சியும் இருத்தல் நலம். பணி முடிந்ததும் வாளிகளைத் தோண்டியெடுத்துக் குழிகளை மூடிவிட வேண்டும். கூட்டில் கிடப்பது விஷப்பாம்பாகவும் இருக்கலாமாதலால் கையை விடுமுன் விளக்கால் பார்ப்பது விதி.

நோய்ப் பரவலும் கருதத்தக்கது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சைக் காளான் 1990-களின் இறுதியில் கண்டறியப்பட்டது. உலகின் பல பகுதிகளில் தவளையினங்கள் அழிய இது காரணமாயிற்று. இந்தியாவிலும் இக்காளான் இருப்பது பதிவாகியுள்ளது. ஒரு குளத்தின் சேறு படிந்த காலணியுடன் மற்றொரு குளத்தில் இறங்கும் ஆய்வாளரே நோயைக் கொண்டு சேர்ப்பவராகக் கூடும். ஆகவே காலணியையும் வலையையும் கிருமிநீக்கம் செய்து உலர்த்துவது கட்டாயமாகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பட்டியலிடப்பட்ட உயிர்களைப் பிடிக்க முன் அனுமதி பெறுவதும் இன்றியமையாதது.

பிடித்தவரே காப்பவராதல்

இப்பணிக்கு வேண்டிய திறன் பல்கலைக்கழகங்களில் மட்டும் இருப்பதன்று. பாம்புத்தோல் வணிகம் 1970-களில் தடை செய்யப்பட்டபோது, தமிழ்நாட்டின் இருளர் மக்கள் பலர் பிழைப்பை இழந்தனர். 1978-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்தபின் மீண்டும் விட்டுவிடுவது சங்கத்தின் தொழில். விடுமுன் பாம்பின் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இடப்படுகிறது. அண்மையில் விஷம் எடுக்கப்பட்ட பாம்பை மறுபடி பிடித்துவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. புள்ளியியலார் கூறும் அடையாள முறை இங்குத் தொழிலின் அங்கமாகவே நிலைபெற்றுள்ளது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் ஆக்கிரமிப்பு இனமாகப் பெருகியுள்ளன. 2017-ஆம் ஆண்டில் அவற்றைத் தேடிப் பிடிக்க இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டனர். இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளை அவர்கள் பிடித்துக் கொடுத்தனர். இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடத்தையும், உரித்த தோலையும், புல் சாய்ந்திருக்கும் பாங்கையும் கொண்டு உயிரைக் கண்டறியும் இவ்வறிவு, கணக்கெடுப்புத் திட்டங்களில் ஊதியத்துடன் கூடிய இடம் பெறத்தக்கது. மீனவரும் ஆயரும் நாற்று நடும் பெண்களும் இத்தகைய அறிவு படைத்தவர்களே.

கணக்கினால் விளைந்த பயன்

தொடர்ந்த கணக்கு எத்தகைய பயன் தரும் என்பதை ஒடிசாவின் பிதர்கனிகா அலையாத்திக் காடு காட்டுகிறது. 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய காலத்தில் அங்கிருந்த உவர்நீர் முதலைகள் நூறைத் தொடவில்லை. முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விடும் பணி நடைபெற்றது. ஆண்டுதோறும் ஜனவரியில் வனத்துறையினர் படகுகளில் சென்று, பகலில் கரையில் வெயில் காய்பவற்றையும், இரவில் விளக்கொளியில் மின்னும் கண்களையும் எண்ணி வருகின்றனர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் எண்ணிக்கை 1,800-ஐ ஒட்டி இருந்தது. முதலை பெருகியதால் கரையோர மக்கள் தாக்கப்படுவதும் கால்நடை இழப்பும் ஏற்படுகின்றன. எந்தெந்தக் கால்வாயில் முதலை மிகுதி என்று தெரிவதால், குளிக்கும் துறைகளுக்குத் தடுப்பு வேலி அமைக்க இடம் தேர்வது எளிதாகிறது. கணக்கு இங்கு முதலைக்கும் மனிதனுக்கும் ஒருங்கே பயன்படுகிறது.

பாம்புக்கடியைப் பொறுத்தும் இதுவே உண்மை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராம மக்கள். 2030-க்குள் இச்சாவுகளைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் 2024-ஆம் ஆண்டில் தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. எந்த வட்டாரத்தில் எந்த விஷப்பாம்பு மிகுதி, எந்தப் பருவத்தில் அது வயலுக்கு வருகிறது என்னும் விவரம், மருந்தை எந்தச் சுகாதார நிலையத்தில் சேமிப்பது என்பதை முடிவு செய்ய உதவும்.

திட்டத்தில் இடம்

இந்தியாவில் இதுவரை 400-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வனவும் 500-க்கும் மேற்பட்ட ஊர்வனவும் பதிவாகியுள்ளன. 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் இப்பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளது. புதிய தவளையினங்கள் இன்றும் கண்டறியப்பட்டு வருகின்றன. உலக அளவில் நீர்நில வாழ்வனவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு அழிவின் அச்சுறுத்தலில் உள்ளதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பெயரிடப்படுமுன்னரே மறையும் இனங்களும் இருக்கக்கூடும்.

இனப்பட்டியல் முதற்படியே. அடுத்த படி எண்ணிக்கை. இதில் சட்ட இடைவெளி ஒன்றும் உள்ளது. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், நெல்வயல்களையும் பாசனத்திற்கென அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் ஈரநிலம் என்னும் வரையறையில் சேர்க்கவில்லை. நிர்வாக வசதி கருதி இவ்விலக்கு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் தவளைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் வயலென்றும் ஏரியென்றும் வேற்றுமை தெரியாது. ராம்சார் இடங்களில் மட்டும் கணக்கெடுத்தால், உழவனுக்கு மிக அருகிலுள்ள இருப்பு மறுபடியும் ஏட்டில் ஏறாமலே போய்விடும்.

இதற்கான அமைப்பு ஏற்கெனவே உள்ளது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி உள்ளாட்சி தோறும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டு, மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. இப்பதிவேட்டில் இனத்தின் பெயரோடு, ஒவ்வொரு பருவமழையின்போதும் குறித்த சில குளங்களிலும் வயல்களிலும் ஒரே முறையில் எடுக்கப்பட்ட எண்ணிக்கையும் சேர்க்கப்படலாம். அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் மாணவர்கள் இதற்குத் துணை நிற்கலாம். தலைவிளக்கு, வாளி, பிளாஸ்டிக் தாள், குறிப்பேடு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஆண்டு தவறாத தொடர்ச்சியே இங்குப் பெரிய முதலீடு.

1987-இல் தடை விதித்தபோது இல்லாமற்போன அடிப்படை ஆண்டை இனித் தேடிப் பெற இயலாது. ஆயினும் வரும் பருவமழையை ஓர் அடிப்படை ஆண்டாகக் கொண்டு கணக்கைத் தொடங்குவதற்குத் தடை ஏதும் இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு புதிய பூச்சிக்கொல்லியைப் பற்றியோ, ஒரு சதுப்பு நிலத்தை நிரப்புவதைப் பற்றியோ முடிவெடுக்க அமரும் அதிகாரியின் முன், ரூபாய்க் கணக்குடன் இந்த உயிர்க் கணக்கும் வைக்கப்படுமாயின், அம்முடிவு உறுதியான அடிப்படை உடையதாக இருக்கும்.